செத்துப்போன முள்: பழைய காரின் மீட்டர்கள் எப்படி வேலை செய்கின்றன

பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடிப் பேசும்போது “மீட்டர் போச்சு” என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். சாவியைத் திருப்பினால் பெட்ரோல் முள் எழுந்திருக்காது. அல்லது வண்டி எவ்வளவு தூரம் ஓடினாலும் சூட்டைக் காட்டும் முள் குளிர்ச்சிப் பக்கமே படுத்துக் கிடக்கும். உடனே மீட்டர் தேடும் படலம் தொடங்கிவிடும். பழைய மாடலுக்கு மீட்டர் கிடைப்பதே பெரும்பாடு. தேடிப் பிடித்து மாட்டிய பிறகும் முள் அப்படியே கிடந்தால் மனம் விட்டுப்போகும்.

நானும் இதை அனுபவித்திருக்கிறேன். என் காரில் பெட்ரோல் முள்ளும் சூட்டு முள்ளும் ஒரே நாளில் நின்றுபோயின. நான் முதலில் செய்தது ஒரு பெட்ரோல் மீட்டர் வாங்கியதுதான். பழுது மீட்டரிலேயே இல்லை என்று தெரிய இரண்டு மாதம் ஆனது. மீட்டர் எப்படி வேலை செய்கிறது என்று அந்த இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்டதை, மின்சாரம் பற்றி எதுவும் தெரியாதவருக்கும் புரியும்படி இங்கே எழுதுகிறேன்.

## முள் பெட்ரோலை அளப்பதில்லை

குழப்பம் தொடங்கும் இடம் இதுதான். டேஷ்போர்டில் இருக்கும் பெட்ரோல் மீட்டருக்கும் டேங்கில் இருக்கும் பெட்ரோலுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. மீட்டருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: தன் வழியாக எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பது. நிறைய ஓடினால் முள் ஒரு பக்கம் சாயும், குறைவாக ஓடினால் மறுபக்கம் சாயும். அந்த ஓட்டத்தை வைத்து “அரை டேங்க்” என்று படிப்பது நாம்தான்.

ஒரு தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தொட்டி, கீழே வடிகால், நடுவில் நீளமான குழாய். குழாயின் பாதி வழியில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. தண்ணீர் ஓடும் வேகத்துக்கு ஏற்ப அது திரும்பும். இன்னும் கொஞ்சம் கீழே ஒரு திருகு இருக்கிறது. திருகைத் திறந்தால் சக்கரம் நன்றாகத் திரும்பும், மூடினால் சோர்ந்துவிடும். சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டே திருகு எவ்வளவு திறந்திருக்கிறது என்று நம்மால் சொல்லிவிட முடியும்.

காரில் அந்தத் தொட்டி பேட்டரி. சக்கரம் மீட்டர். திருகு, பெட்ரோல் டேங்கிலோ இன்ஜினிலோ பொருத்தியிருக்கும் சென்சார். மின்சாரத்தின் ஓட்டத்தைத் திருகு போல மட்டுப்படுத்தும் தன்மைக்கு மின்தடை என்று பெயர். அதை ஓம் என்ற அலகில் அளக்கிறார்கள். ஓம் கூடினால் திருகு மூடியிருக்கிறது, குறைந்தால் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால் இந்தக் கட்டுரைக்குப் போதும்.

சரி, வடிகால் எது? அதற்குத் தனித் தலைப்பே வேண்டும்.

## சீரியல் பல்பும் வண்டியின் உடம்பும்

விழாக்களில் தொங்கவிடும் பழைய சீரியல் பல்பு எல்லோருக்கும் தெரியும். ஒரு பல்பு போனால் சரம் முழுவதும் அணைந்துவிடும். மின்சாரம் ஒரு வளையமாகச் சுற்றி வர வேண்டியிருப்பதால், வளையத்தில் எங்கே அறுந்தாலும் எல்லாம் நின்றுவிடும். அணைந்த சரத்தைப் பார்த்து எந்தப் பல்பு போனது என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

காரின் பெட்ரோல் மீட்டரும் அப்படி ஒரு வளையத்தில் கோத்த பல்பு மாதிரிதான். பேட்டரியில் கிளம்பும் மின்சாரம் சாவி சுவிட்ச், ஃப்யூஸ் இரண்டையும் கடந்து மீட்டருக்குப் போகிறது. மீட்டரிலிருந்து ஒரு நீளமான ஒயர் வழியாக வண்டியின் பின்பக்கம் ஓடி டேங்கில் இருக்கும் சென்சாரை அடைகிறது. அங்கிருந்து திரும்பி வரப் பெரும்பாலான பழைய வண்டிகளில் தனி ஒயர் கிடையாது. வண்டியின் இரும்பு உடம்பே திரும்பும் பாதை. பேட்டரியின் மைனஸ் முனையைத் தடித்த ஒயரால் உடம்போடு இணைத்திருப்பார்கள். அந்தத் திரும்பும் பாதைக்குத்தான் எர்த் என்று பெயர். (முற்காலத்து வண்டிகள் சிலவற்றில் பிளஸ் முனையை உடம்போடு இணைத்திருப்பார்கள். உங்கள் வண்டி அந்த வகையா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.)

இரும்பு துருப்பிடிக்கும். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. டேங்குக்கும் உடம்புக்கும் நடுவில் ரப்பர் வைத்திருந்தால் அங்கேயும் பாதை அறுபடும். பழைய வண்டிகளில் நின்றுபோன முட்கள் பலவற்றுக்கு இந்த எர்த் கோளாறுதான் காரணமாக இருக்கிறது. ஆனால் கண்ணுக்கு ஒயராகத் தெரியாததால் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: முள் மின்சாரத்தின் ஓட்டத்தைக் காட்டுகிறது. ஓட்டத்தை மட்டுப்படுத்துவது சென்சார். பேட்டரி, சாவி, ஃப்யூஸ், மீட்டர், ஒயர், சென்சார், எர்த் என்று எல்லாம் ஒரே வளையம். எங்கே அறுந்தாலும் முள் நின்றுவிடும்.

## டேங்குக்குள் என்ன இருக்கிறது

டேங்க் ஃப்ளோட் என்று மெக்கானிக்குகள் சொல்லும் பாகத்தை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மெல்லிய கம்பி ஒன்றின் நுனியில் பித்தளையாலோ பிளாஸ்டிக்காலோ ஆன மிதவை. கம்பியின் மறுமுனை ஒரு சின்னப் பெட்டிக்குள் போகிறது. பெட்டிக்குள், நெற்றியில் இடும் பிறை போல வளைந்த ஒரு பட்டையின் மேல் முடி போன்ற கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். மிதவை ஏறி இறங்கும்போது ஒரு சின்ன உலோக நாக்கு அந்தச் சுற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். நாக்கு நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்சாரம் கடக்க வேண்டிய கம்பியின் நீளம் மாறும்; அதோடு ஓமும் மாறும்.

ஆண்டுக்கணக்கில் அந்த நாக்கு ஒரே பட்டையில் வழுக்கிக்கொண்டிருக்கிறது. கம்பி தேயும், ஓரிடத்தில் அறும். அரை டேங்கில் முள் சட்டென்று விழுந்து, கால் டேங்குக்குக் கீழே வந்ததும் மறுபடி உயிர் பெற்றால், தேய்மானம் நடுவில் இருக்கிறது என்று பொருள். பித்தளை மிதவையில் ஊசி ஓட்டை விழுந்தால் பெட்ரோல் உள்ளே புகுந்து அது மூழ்கிவிடும். அப்புறம் எவ்வளவு நிரப்பினாலும் முள் காலி என்றே சொல்லும். கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே தளும்பும் சத்தம் கேட்டால் அதுதான்.

இந்த ஓம் கணக்கு எல்லா வண்டிகளுக்கும் ஒன்றில்லை. 1960-களின் நடுவிலிருந்து வந்த ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகள் பலவற்றில் காலி டேங்குக்கு 0 ஓம், நிறைந்த டேங்குக்கு 90 ஓம். அதே காலத்து ஃபோர்டு வண்டிகளில் காலிக்கு 73, நிறைவுக்கு 10 என்று தலைகீழாக இருக்கும். ஒரு தயாரிப்பின் மீட்டரோடு இன்னொன்றின் ஃப்ளோட்டைச் சேர்த்தால், இரண்டுமே புதிதாக இருந்தாலும் முள் தவறாகத்தான் காட்டும். மாற்று பாகம் போட்ட பிறகு முள் எதிர்த்திசையில் ஓடுகிறது என்று புலம்புபவர்களின் வண்டியில் நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான்.

சூட்டுக்கான சென்சார் இதைவிட எளிது. இன்ஜினைச் சுற்றி ஓடும் குளிர்விப்பு நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் குமிழ் அது. உள்ளே இருக்கும் பொருள் சூடேறச் சூடேற மின்தடை குறைந்துகொண்டே வரும். இதில் அசையும் பாகமே இல்லை. தன் திருகு மரை வழியாகவே இது எர்த்தை எடுத்துக்கொள்கிறது. கசியாமல் இருக்க மரையில் வெள்ளை டேப்பைத் தாராளமாகச் சுற்றி மாட்டினால் எர்த் போய்விடும், முள்ளும் நின்றுவிடும்.

## மீட்டருக்குள் இரண்டு விதம்

சாவியை ஆன் செய்துவிட்டு முள்ளையே பாருங்கள். முள் தூங்கி எழுவதுபோல மெல்ல மெல்ல ஏறுகிறதா? அது சூட்டில் இயங்கும் மீட்டர். (இனி இதைச் சூட்டு மீட்டர் என்கிறேன். இன்ஜின் சூட்டைக் காட்டும் சூட்டு முள்ளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) உள்ளே இரண்டு வேறு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு பட்டை இருக்கிறது. அதற்கு இரட்டை உலோகப் பட்டை என்று பெயர். அதைச் சுற்றி மெல்லிய கம்பி. கம்பியில் மின்சாரம் ஓடினால் பட்டை சூடாகும். இரண்டு உலோகங்களும் வேறு வேறு அளவு விரிவதால் பட்டை வளைந்து முள்ளைத் தள்ளும். மெதுவாக இயங்குவதே இதன் சிறப்பு. வளைவில் திரும்பும்போது டேங்கில் பெட்ரோல் அலைந்தாலும் முள் ஆடாது.

சாவி போட்ட நொடியில் முள் துள்ளி எழுந்தால் அது காந்தத்தில் இயங்கும் மீட்டர். ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு கம்பிச் சுருள்கள், நடுவில் முள்ளோடு சேர்ந்த ஒரு காந்தம். எந்தச் சுருளின் இழுப்பு பலமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் முள் சாயும். பேட்டரியின் வோல்ட், அதாவது மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம், ஏறினாலும் இறங்கினாலும் இரண்டு சுருளுமே சேர்ந்து பாதிக்கப்படுவதால் முள் அதிகம் ஏமாறாது.

சூட்டு மீட்டருக்கு அந்த வசதி இல்லை. இங்கேதான் பலரும் பெயர்கூடக் கேட்டிராத ஒரு பாகம் வருகிறது.

## யாரும் கவனிக்காத ஸ்டெபிலைசர்

நிறுத்தி வைத்த வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்கும். இன்ஜின் ஓடிச் சார்ஜ் ஏறும்போது 14 வோல்ட்டைத் தாண்டும். சூட்டு மீட்டரை நேராகப் பேட்டரியில் இணைத்தால், டேங்கில் அதே பெட்ரோல் இருந்தாலும் இன்ஜின் ஓடும்போது கூடுதலாகவும் நிற்கும்போது குறைவாகவும் காட்டும். அதனால் மீட்டருக்கு முன்னால் ஒரு ஸ்டெபிலைசரை வைத்தார்கள். மின்னழுத்தத்தை ஒரே அளவில் பிடித்து வைப்பது அதன் வேலை. தீப்பெட்டியைவிடச் சிறிய தகரப் பெட்டியாக மீட்டர் போர்டின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அது எப்படி வேலை செய்கிறது என்று புரிய வேண்டுமானால் இஸ்திரிப் பெட்டியைப் பாருங்கள். சூடு போதும் என்றதும் விளக்கு அணையும், ஆறியதும் மறுபடி எரியும். உள்ளே இருக்கும் இரட்டை உலோகப் பட்டை சூட்டில் வளைந்து இணைப்பைப் பிரிக்கிறது, ஆறியதும் சேர்க்கிறது. பழைய ஸ்டெபிலைசருக்குள்ளும் இதே பட்டைதான். விட்டு விட்டு மின்சாரத்தைத் தருகிறது. சராசரியாகப் பார்த்தால் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் 10 வோல்ட்டும், பழைய ஃபோர்டு, கிரைஸ்லர் வண்டிகளில் 5 வோல்ட் அளவும் கிடைக்கும். மீட்டர்தான் மெதுவாக இயங்குவதாயிற்றே, இந்த விட்டு விட்டு வரும் மின்சாரம் அதற்கு உறைப்பதே இல்லை.

ஸ்டெபிலைசர் ஒன்று, அதை நம்பி இருக்கும் மீட்டர்கள் இரண்டு: பெட்ரோல், சூடு. சில வண்டிகளில் எண்ணெய் அழுத்த மீட்டரும் சேரும். பட்டை பிரிந்த நிலையிலேயே நின்றுபோனால் எல்லா முட்களும் ஒன்றாகச் சாகும். சேர்ந்த நிலையிலேயே ஒட்டிக்கொண்டாலோ, பட்டையைச் சூடாக்கும் கம்பிக்கு எர்த் கிடைக்காமல் போனாலோ, முழு 12 வோல்ட்டும் மீட்டருக்குள் பாயும். எல்லா முட்களும் அளவுக்கு மேல் ஏறி நிற்கும். டேங்க் நிறைந்திருப்பதாகவும் இன்ஜின் கொதிப்பதாகவும் ஒரே நேரத்தில் வண்டி சொன்னால் ரேடியேட்டரைக் கழற்றும் முன் இந்தத் தகரப் பெட்டியைப் பாருங்கள்.

மறுபடி சுருக்கமாக: முள் மெல்ல ஏறினால் சூட்டு மீட்டர், துள்ளினால் காந்த மீட்டர். சூட்டு மீட்டர்களுக்குப் பொதுவாக ஒரு ஸ்டெபிலைசர் உண்டு. அது கெட்டால் ஒரு முள் மட்டும் கெடாது, கூட்டமாகவே கெடும்.

## முதல் கேள்வி: எத்தனை முள்?

இவ்வளவும் தெரிந்துவிட்டால் பழுது தேடும் வேலை பாதியாகிவிடும். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கும் முன், சாவியை மட்டும் ஆன் செய்து உட்கார்ந்து பாருங்கள்.

முட்கள் எல்லாம் நின்று, எண்ணெய் விளக்கு, பேட்டரி விளக்கு போன்ற எச்சரிக்கை விளக்குகளும் எரியவில்லையா? எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில் பழுது இருக்கிறது: ஃப்யூஸ், சாவி சுவிட்ச், மீட்டர் போர்டின் பின்னால் சொருகும் கப்ளர், மீட்டர் போர்டின் எர்த். ஃப்யூஸைக் கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். கண்ணாடிக் குழாய் ஃப்யூஸில் கம்பி முழுசாகத் தெரியும், ஆனால் மூடிக்குள் விட்டுப்போயிருக்கும். டெஸ்ட் லேம்பின் (மின்சாரம் வந்தால் எரியும் சின்னச் சோதனை விளக்கு) கிளிப்பை எர்த்தில் மாட்டி, முனையால் ஃப்யூஸின் இரண்டு பக்கமும் தொட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் எரிந்தால்தான் ஃப்யூஸ் நல்லது.

விளக்குகள் எரிகின்றன, முட்கள் மட்டும் கூட்டமாக நின்றுவிட்டன என்றால் ஸ்டெபிலைசரையும் அதற்கு மின்சாரம் வந்து சேரும் இடத்தையும் சந்தேகிக்கலாம். என் வண்டியில் இருந்தது இந்த நிலைதான்.

ஒரே ஒரு முள் மட்டும் நின்றிருந்தால் ஃப்யூஸ், ஸ்டெபிலைசர் இரண்டும் குற்றமற்றவை. அந்த மீட்டர், அதன் ஒயர், அதன் சென்சார், அந்தச் சென்சாரின் எர்த் என்று நான்கே இடங்கள் மிச்சம்.

இன்டிகேட்டர் போடும்போதோ ஹெட்லைட் போடும்போதோ முட்கள் சேர்ந்து துடித்தால் மீட்டர் போர்டின் எர்த் பழுது. திரும்பும் வழி கிடைக்காத மின்சாரம் பக்கத்துப் பாதைகளில் புகுந்து வெளியேறப் பார்க்கிறது.

## ஒரே ஒயரில் ஒரு சோதனை

ஒரு முள் மட்டும் நின்றிருக்கும்போது, பழுது முன்பக்கமா பின்பக்கமா என்று சொல்லிவிடும் சோதனை ஒன்று உண்டு. சாவியை ஆஃப் செய்துவிட்டுச் சென்சாரிலிருந்து அதன் ஒயரைக் கழற்றுங்கள். அந்த ஒயரின் நுனியை வண்டியின் சுத்தமான உலோகத்தோடு ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். இப்போது சாவியை ஆன் செய்து முள்ளைப் பாருங்கள்.

திருகை முழுவதும் திறந்துவிட்டது போன்றது இது. மீட்டரும் நீளமான ஒயரும் நன்றாக இருந்தால் முள் ஒரு கோடிக்குப் போய்விடும். சூட்டு முள் கொதிநிலைப் பக்கம் போகும். பெட்ரோல் முள், மேலே சொன்ன 73–10 ஓம் வகையில் நிறைவுக்குப் போகும். 0–90 வகையில் எர்த் செய்தால் காலியைக் காட்டும். அந்த வகையில் ஒயரைக் கழற்றித் தொங்கவிட்டால் முள் நிறைவைத் தாண்டி ஓடும். எது எப்படியானாலும், முள் அசைந்துவிட்டது என்றால் மீட்டர் உயிரோடு இருக்கிறது. பழுது சென்சாரிலோ அதன் எர்த்திலோதான். அசையவில்லை என்றால் ஒயரைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் வாருங்கள்.

இதில் இரண்டு எச்சரிக்கை. சூட்டு மீட்டரை நேரடியாக எர்த் செய்து நீண்ட நேரம் விடக் கூடாது. உள்ளே இருக்கும் கம்பி எரிந்துபோகும். முள் ஏறத் தொடங்கியதும் சாவியை ஆஃப் செய்துவிடுங்கள். இன்னும் பாதுகாப்பாக வேண்டுமானால் நேராக இணைக்காமல் நடுவில் ஒரு 10 ஓம் ரெசிஸ்டரை (குறிப்பிட்ட அளவு மின்தடை தரும் சின்னப் பாகம்) வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, டேங்கருகே பெட்ரோல் வாடை அடித்தாலோ ஈரம் தெரிந்தாலோ இந்தச் சோதனையே வேண்டாம். முதலில் கசிவை அடைக்க வேண்டும். வாடை இல்லாவிட்டாலும் சாவி ஆஃபில் இருக்கும்போது மட்டுமே ஒயரைத் தொடவும் மாற்றவும் வேண்டும்.

சென்சார் பக்கம்தான் பழுது என்று தெரிந்தால், அதை வாங்க ஓடும் முன் எர்த்தைப் பாருங்கள். மல்டிமீட்டரை (வோல்ட், ஓம் இரண்டையும் அளக்கும் கைக்கருவி) வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையைச் சென்சாரின் உலோக உடம்பிலும் வைக்க வேண்டும். ஒயர் அதனிடத்தில் மாட்டியிருக்கட்டும், சாவி ஆனில் இருக்கட்டும். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் எர்த் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் திரும்பும் பாதையில் துரு உட்கார்ந்திருக்கிறது. அந்தத் துருவும் ஒரு மின்தடைதான். சென்சாரின் ஓமோடு சேர்ந்துகொள்ளும். நிறைந்த டேங்குக்கு 10 ஓம் என்று எதிர்பார்க்கும் மீட்டருக்கு, துருவின் 20 ஓமும் சேர்ந்து 30 ஓம் கிடைத்தால் முள் நிறைவுக்கோட்டுக்கு வெகு கீழேயே நின்றுவிடும்.

## களிம்பு பிடித்த செம்பு

என் வண்டிக்கு வருகிறேன். விளக்குகள் எரிந்தன, இரண்டு முட்கள் மட்டும் இல்லை. புது மீட்டர் மாட்டியும் பயனில்லை. கடைசியில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு மீட்டர் போர்டை முழுவதுமாக வெளியே எடுத்தேன். (பேட்டரியைக் கழற்றாமல் இதைச் செய்யவே கூடாது. அம்மீட்டர் (பேட்டரிக்குள் போய்வரும் மின்சாரத்தைக் காட்டும் மீட்டர்) உள்ள வண்டிகளில் அதன் பின்னால் ஃப்யூஸ் இல்லாத நேரடி மின்சாரம் இருக்கக்கூடும்.)

மீட்டர் போர்டின் முதுகில் ஒயர்களே அதிகம் இருக்காது. எக்ஸ்ரே படம் போன்ற வளையும் பிளாஸ்டிக் தாளில் மெல்லிய செம்புப் பட்டைகள் கிளை கிளையாக ஓடும். அவைதான் ஒயர். சின்ன நட்டுகள் மீட்டரை அந்தச் செம்போடு இறுக்கிப் பிடித்திருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்டெபிலைசர் வந்து அழுந்தும் இடத்தில் செம்பு நிறமே இல்லை. புளி போட்டுத் தேய்க்காத பழைய பாத்திரத்தில் படியும் அதே பச்சைக் களிம்பு, நகக்கண் அளவுக்கு. ஸ்டெபிலைசரின் கால் அந்தக் களிம்பின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. செம்பைத் தொடவே இல்லை.

பென்சில் அழிக்கும் ரப்பரால் அந்த இடத்தைத் தேய்த்தேன். உப்புத்தாள் வேண்டாம், செம்பு அவ்வளவு மெல்லியது. நிறம் திரும்பியதும் காலையும் துடைத்துப் பொருத்தி, தளர்ந்திருந்த நட்டுகளை விரலால் இறுக்கினேன். எல்லாவற்றையும் மாட்டிச் சாவியைத் திருப்பியபோது ஐந்தாறு நொடி ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் பெட்ரோல் முள் கிளம்பிக் கால் டேங்கைத் தாண்டி நின்றது. புதிதாக வாங்கிய மீட்டர் இப்போதும் அலமாரியில் இருக்கிறது. பழையதே ஓடுகிறது.

செம்புப் பட்டை அறுந்தே போயிருந்தாலும் தாளைத் தூக்கிப் போட வேண்டாம். அறுந்த இடத்தின் மேல் ஒரு மெல்லிய ஒயரைப் பாலமாக வைத்துச் சால்டர் செய்துவிடலாம். சூட்டுக்கோலை நொடிக்கு மேல் வைத்தால் பிளாஸ்டிக் உருகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

## ஸ்பீடோமீட்டர் வேறு ஜாதி

இதுவரை சொன்ன எதுவும் பழைய ஸ்பீடோமீட்டருக்குப் பொருந்தாது. அதற்கு மின்சாரமே வேண்டாம். கியர்பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் சுழன்றுகொண்டே வந்து மீட்டருக்குள் இருக்கும் காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைத் தொடாமல் அதன் மேல் ஒரு அலுமினியக் கிண்ணம் கவிழ்ந்திருக்கிறது. அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் பக்கத்தில் காந்தம் சுழன்றால் அதற்குள் சின்னச் சின்ன மின்சுழிகள் தோன்றி, கிண்ணத்தையும் அதே திசையில் இழுக்கும். அண்டாவில் துடுப்பால் சுழற்றினால் மேலே மிதக்கும் இலையும் சேர்ந்து சுற்றுவது போல. முடிபோன்ற ஒரு சுருள்வில் கிண்ணத்தைப் பின்னுக்கு இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். ஜெர்மானியரான ஓட்டோ ஷூல்ட்சே 1902-ல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பு அந்த நூற்றாண்டின் பெரும்பகுதி நிலைத்து நின்றது.

முள்ளும் கிலோமீட்டர் எண்களும் சேர்ந்து நின்றால் கேபிள் அறுந்திருக்கும், அல்லது கியர்பாக்ஸ் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் தேய்ந்திருக்கும். எண்கள் ஓடி முள் மட்டும் நின்றால் மீட்டரின் தலையில் பழுது. முள் தாளம் போடுவது போல முன்னும் பின்னும் ஆடினால் கேபிள் வறண்டிருக்கிறது. கழற்றித் துடைத்து மெல்லிதாகக் கிரீஸ் தடவினால் சரியாகும். மீட்டர் பக்கத்து முனையில் ஒரு சாண் அளவுக்குத் தடவாமல் விடுங்கள். சுழலும் கேபிள் கிரீஸை மேலே ஏற்றிக் கிண்ணத்தில் பூசிவிடும்.

## எந்த முள்ளைத் தள்ளிப்போடக் கூடாது

பெட்ரோல் முள் நின்றுபோனால் கிலோமீட்டர் எண்களைக் குறித்துவைத்து ஓட்டிச் சமாளிக்கலாம். சூட்டு முள்ளும் எண்ணெய் அழுத்த முள்ளும் அப்படி இல்லை. நீர் குறைந்து கொதிக்கும் இன்ஜினின் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். எண்ணெய் அழுத்தம் இல்லாமல் ஓடும் இன்ஜினில் பேரிங்குகள் சிறிது நேரத்திலேயே தேய்ந்துபோகும்.

சூட்டு முள்ளில் இன்னும் ஒன்று. குளிர்விப்பு நீர் மிகவும் குறைந்துவிட்டால் சென்சார் நீரைத் தொடாமல் காற்றில் நிற்கும். இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் குளிர்ச்சியைக் காட்டும். அதனால், ஏறி நின்ற சூட்டு முள் ஓட்டத்தின் நடுவில் சட்டென்று கீழே விழுந்தால் மீட்டர் போய்விட்டது என்று நினைத்துத் தொடர்ந்து ஓட்டாதீர்கள். ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். நன்றாக ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். ஆறியபின் மூடியைத் திறந்து முதலில் நீர் இருக்கிறதா என்று பாருங்கள். நீர் சரியாக இருந்தால் சென்சாரின் ஒயரைக் கழற்றி மேலே சொன்ன சோதனையைத் தொடங்கலாம்.